கத்தியால் வரும் தலைமை

‘நாயிப்’ என்னும் அரபுச் சொல் நம் செவிக்குப் புதியதன்று. காஜியார் வர இயலாத இடத்தில் அவர் சார்பில் நிக்காஹ் நடத்தி வைப்பவரை ‘நாயிப் காஜி’ என்று வழங்குகிறோம். பிறர் ஒருவரின் இடத்தில் நின்று அவர் கடமையை ஆற்றுபவர் என்பதே அச்சொல்லின் பொருள். இச்சொல்லை அமெரிக்க எழுத்தாளர் ஒருவர், தம் கற்பனையில் தோன்றிய வேற்றுக் கோளின் போர்க்குடித் தலைவர்களுக்குப் பட்டமாகச் சூட்டியிருக்கிறார் என்று அறிந்தபோது நாம் வியப்புற்றோம்.

பிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் வெளியிட்ட ‘டியூன்’ என்னும் புதினமே அது. 2021, 2024 ஆண்டுகளில் வந்த திரைப்படங்களின் வாயிலாக நம் இல்லத்துப் பிள்ளைகளும் அதனை அறிவர். கதை நிகழும் அராக்கிஸ் என்னும் கோள் முழுதும் பாலை. அங்கே வாழும் ஃப்ரெமன் என்னும் குலத்தார் தம் வியர்வையையும் வடித்துப் பருக உதவும் உடையை அணிவர். இறந்தவர் உடலின் நீர் குலத்தாரின் பொதுச் சொத்து. குகைகளில் அமைந்த அவர்தம் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நாயிப் உண்டு. அவரை எதிர்த்து அறைகூவி, கத்திப் போரில் கொன்றவரே அடுத்த நாயிப் ஆவார்.

இதனைக் காட்டுமிராண்டி வழக்கம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் எளிது; ஆனால் நீதியாகாது. தலைவர் வழி தவறினால் ஊரே தாகத்தால் மடியும் நிலத்தில், தளர்ந்த கையில் பொறுப்பை விட்டுவைக்க அம்மக்கள் அஞ்சினர். தந்தை தலைவராயிருந்தார் என்பதற்காக மகன் அவ்விருக்கையில் அமர்வதற்கும் அங்கே வழியில்லை. கொன்றவருக்குக் கடமையும் உண்டு. பால் அட்ரெய்டீஸ் என்னும் அயல் இளைஞர், தம்மைப் போருக்கு இழுத்த ஜேமிஸ் என்பவரைக் கொல்ல நேர்கிறது. உடனே ஜேமிஸின் மனைவியையும் அவ்வம்மையாரின் இரு புதல்வர்களையும் பேணும் பொறுப்பு அவ்விளைஞரின் தோளில் ஏறுகிறது. கொன்றவனுக்காக அவர் கண்ணீர் சிந்தியபோது, இறந்தவருக்கு நீரை ஈந்தார் என்று அம்மக்கள் வியக்கின்றனர்.

இத்துணை நியாயங்கள் இருந்தும், இவ்வழக்கத்தில் ஓர் அடிப்படைப் பிழை உண்டு. கத்தி, கையின் வலிமையை மட்டுமே அளக்கும். கை தளரும் வயதிலன்றோ அறிவு கனிகிறது! தலைவரின் அனுபவம் குலத்துக்கு மிகுதியும் பயன்படும் பருவத்திலேயே அவரை இழப்பதற்கு வழக்கமே வழிசெய்து விடுகிறது. மேலும், பிறர் பொருட்டு நிற்பவர் நாயிப் என்றால், முன்னவரைக் கொன்று வந்தவர் யார் பொருட்டு நிற்கிறார்? வென்ற தம் ஒருவர் பொருட்டே நிற்கிறார்.

ஸ்டில்கர் என்னும் நாயிப், வீடிழந்து வந்த அவ்விளைஞருக்கும் அவர் அன்னைக்கும் அடைக்கலம் அளித்தவர். பாலை வாழ்வைக் கற்பித்தவர். பின்னாளில், ஸ்டில்கரைக் கொன்று தலைமை ஏற்குமாறு இளம் வீரர்கள் அவ்விளைஞரை நெருக்குகின்றனர். போருக்குப் புறப்படும் வேளையில் தம் கையைத் தாமே வெட்டிக்கொள்வார் உண்டோ என்னும் கருத்துப்பட அவர் மறுக்கிறார். பழைய வழக்கம் முறிகிறது. வாசிப்போர் நெஞ்சம் மகிழ்கிறது, நாமும் மகிழ்ந்தோம்.

ஆயினும் கதை அவ்விடத்தில் முடியவில்லை. நண்பரைக் கொல்லாது விட்ட அவ்விளைஞர், நாயிப்கள் அனைவருக்கும் மேலான அதிகாரத்தைத் தாமே எடுத்துக் கொள்கிறார். குலத்தார் அவரை முன்னறிவிக்கப்பட்ட மீட்பராகக் கருதத் தலைப்படுகின்றனர். சமமாக நின்று அறிவுரை சொன்ன ஸ்டில்கர், சிறிது சிறிதாக, வியந்து வணங்கும் அடியாராக மாறிவிடுகிறார். ஒரு நண்பரை இழந்தோம் என்று அவ்விளைஞரே உள்ளம் நோகிறார். 1969-இல் வந்த இரண்டாம் நூலில், அவர் பெயரால் நடந்த போர்களில் மாண்டோர் 6,100 கோடி என்று கணக்குச் சொல்லப்படுகிறது. ஸ்டில்கரின் உயிர் தப்பியது. ‘இது தவறு’ என்று சொல்லும் அவருடைய நா தப்பவில்லை.

நாம் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. குருதி சிந்தாமல் தலைமை மாறியது என்பதாலேயே அது நேரிய தலைமை ஆகிவிடாது. இப்னு கல்தூன் (1332–1406) தம் ‘முகத்திமா’வில் குலத் தலைமையையும் அரசதிகாரத்தையும் வேறு பிரித்துக் காட்டுகிறார். குலத்தலைவருக்கு மக்கள் மனமுவந்து கீழ்ப்படிவர். அவர்களைக் கட்டாயப்படுத்தும் வலிமை அவரிடம் இல்லை. அரசரோ தம் ஆணையை வலிமையால் நிறைவேற்றுபவர். ஸ்டில்கர் முதல் வகையினர். அவ்விளைஞர் இரண்டாம் வகையினராக மாறிவிட்டார். 632-இல் கிலாபத்தை ஏற்ற ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள், தாம் மக்களுள் சிறந்தவர் அல்லர் என்றும், தாம் பிழைத்தால் தம்மைத் திருத்த வேண்டும் என்றும் முதல் உரையிலேயே கேட்டுக்கொண்டார்கள். தம்மைத் தட்டிக் கேட்கும் நாவை அவர்கள் தாமே வேண்டிப் பெற்றார்கள்.

கத்தியின்றியே இப்போர் பல இல்லங்களிலும் நடைபெறுகிறது. தந்தையின் வணிகத்தை மகன் ஏற்கிறான். அவரை மரியாதையாகச் சாய்வு நாற்காலியில் அமர்த்துகிறான். வேளைக்கு உணவும் மருந்தும் வருகின்றன. கருத்து மட்டும் கேட்கப்படுவதில்லை. இங்கே கொலை இல்லை என்று நாம் நிறைவு கொள்ளலாமா? மறுபுறம், கை தளர்ந்த பின்னும் சாவியை விடாத முதியவரும், தம்மை எதிர்க்கும் கத்தியைத் தாமே தீட்டிக் கொடுப்பவர் ஆகிறார். உரிய காலத்தில் பொறுப்பைக் கொடுத்தலும், கொடுத்தவரின் சொல்லுக்குச் செவி சாய்த்தலும் ஒரே கடமையின் இரு பாதிகள்.

அவ்விளைஞர் குலத்தாரிடையே தமக்கெனத் தாமே தேர்ந்துகொண்ட பெயர் முவாதிப். ஒழுக்கம் கற்பிப்பவர் எனப் பொருள்படும் ‘முஅத்திப்’ என்னும் அரபுச் சொல்லை அது ஒத்திருக்கிறது. ஆசிரியத் தொழிலில் தலை நரைத்த நமக்கு அப்பெயர் ஓர் எச்சரிக்கையாகவே படுகிறது. கற்பிப்பவர் என்று பெயர் பெற்றவருக்குக் கற்பிக்க ஒருவரும் எஞ்சவில்லை. நம்மைத் திருத்தும் உரிமையுடன் நம் அருகில் இன்று யார் இருக்கிறார்? விடை கிடைக்கவில்லையெனில், குறை பிறரிடம் இருப்பதாகக் கொள்ளற்க.