அழித்த கோடுகள்

என் மகளுக்கு ஏழு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாகர்கோவிலில் எங்கள் வீட்டுப் படிப்புரையில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தவள், திடீரென்று தாளைக் கசக்கி முற்றத்தில் எறிந்தாள். பின்னாலேயே பென்சிலும் பறந்தது. அப்புறம் அழுகை.

தாளை எடுத்து நீவிப் பார்த்தேன். முந்தைய வாரம் கன்னியாகுமரிக்குப் போயிருந்தோம். விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் பாறைக்கு, 2024 டிசம்பர் கடைசியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்தோம். அதைத்தான் வரைந்திருந்தாள். பாலத்தில் நாங்கள் நான்கு பேர். எங்கள் காலுக்குக் கீழே வரிசையாக மீன்கள். நாங்கள் போன அன்று அலையும் நுரையும்தான் தெரிந்தன, மீன் எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் கடலுக்குள் மீன் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அது போதாதா? இந்தப் பக்கம் வள்ளுவர். தலையைவிடப் பெரிய வலது கை, அதில் மூன்று விரல்கள். உடம்பு மட்டும் தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் நின்றது. இடுப்புப் பக்கம் அழித்து அழித்துத் தாள் கிழிந்திருந்தது.

"நல்லாத்தானே மக்களே இருக்கு" என்றேன்.

"சும்மா சொல்லுதீங்க. அவரு இப்படியா நிக்காரு? வளைஞ்சுல்லா நிக்காரு. எனக்கு வரமாட்டேங்கு."

சுருக்கென்றது. அந்தச் சிலையின் அழகே இடுப்பில் இருக்கும் அந்த மெல்லிய நெளிவுதான். அதன் முன்னால் நின்று எத்தனையோ முறை படம் எடுத்துக்கொண்ட நான் அதைக் கவனித்ததில்லை. இவள் கவனித்திருக்கிறாள். கண் பார்த்துவிட்டது, கை இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளிதான் அழுகையாக வந்திருக்கிறது.

இவ்வளவும் இப்போது எழுதும்போது புரிகிறது. அன்றைக்கு நான் செய்தது வேறு. பென்சிலை எடுத்து, "இங்க பாரு, இப்படி" என்று ஒரு புதுத் தாளில் நானே வளைவை வரைந்து கொடுத்தேன். சுமாராக வந்துவிட்டது. அவள் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், உள்ளே போய்விட்டாள். அழுகையை நிறுத்திவிட்டேன் என்று எனக்குத் திருப்தி. அடுத்த இரண்டு வாரம் அவள் எதையும் வரையவில்லை. வீட்டுப்பாடத்தில் ஒரு பூ வரையச் சொன்னால்கூட, "நீங்க வரைஞ்சு தாங்க" என்று நோட்டை நீட்டினாள். நிறுத்தியது அழுகையை மட்டும் அல்ல என்று அப்போதுதான் உறைத்தது.

பிரான்சில் லூக்கே என்று ஒருவர், தன் மகளின் ஓவியங்களைச் சேர்த்து வைத்து ஆராய்ந்து 1913இல் ஒரு புத்தகமே எழுதினார். சிறு பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தங்களுக்குத் தெரிந்ததை வரைகிறார்கள் என்பது அவருடைய கருத்து. என் மகளின் மீன்கள் அந்த வகை. வளர வளர, கண்ணுக்குத் தெரிவதுபோலவே தாளிலும் இருக்க வேண்டும் என்ற ஆசை வருகிறது. கூடவே, "எனக்கு வரமாட்டேங்கு" என்பதும் வருகிறது. அதே தாளில் மீனும் இருந்தது, கிழிந்த இடுப்பும் இருந்தது. அவள் ஒரு வயதிலிருந்து இன்னொரு வயதுக்குப் பாலம் கடந்துகொண்டிருந்தாள். நான் அவளைத் தூக்கி அக்கரையில் வைக்கப் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் விடியற்காலையில் என் அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் நடைப்படியில் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா அறுபது வருடமாகக் கோலம் போடுகிறவள். அன்றைக்கு ஒரு இழை, வளைய வேண்டிய புள்ளியைத் தாண்டிப் போய்விட்டது. அம்மா உச்சுக்கொட்டவில்லை, யாரையும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. புறங்கையால் மாவை ஒதுக்கினாள், விரலிடுக்கில் புது மாவை எடுத்தாள், விட்ட இடத்திலிருந்து இழுத்தாள். ஈர மண்ணில் பழைய கோட்டின் வெள்ளைச் சாயல் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"ஆச்சிக்கும் தப்பு வருமா?" என்று கேட்டாள் மகள்.

"வராம பின்ன?" என்றாள் அம்மா, குனிந்த தலை நிமிராமல்.

நான் "நல்லாயிருக்கு" என்று சொன்னது பாராட்டு. வரைந்து கொடுத்தது உதவி. இரண்டுமே செய்யாததை இந்த இரண்டு சொல் செய்தது. யோசித்துப் பார்த்தால், பிள்ளைகளுக்கு நாம் காட்டுவதெல்லாம் முடிந்த காரியங்களைத்தான். முடிந்த கோலம், முடிந்த சிலை, வட்டமாக வந்த தோசை. கல்லில் ஒட்டிப் பிய்ந்த தோசையை நாம் அடுக்களையிலேயே தின்றுவிடுகிறோம். கோணலாகப் போன முதல் கோடு தனக்கு மட்டும்தான் என்று பிள்ளை நினைப்பதில் என்ன ஆச்சரியம்?

பத்மநாபபுரம் அரண்மனையில் உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில் சுவரோவியங்கள் இருக்கின்றன. அந்த மரபில் வரைகிறவர்கள் எடுத்த எடுப்பில் அழுத்தமாகக் கோடு போடுவதில்லை. முதலில் வெளிறிய மஞ்சளில் மெல்லக் கோடிழுத்துப் பார்ப்பார்கள். உருவம் நிலைத்த பிறகுதான் சிவப்பு ஏறும். மகள் வரைய முடியாமல் அழுத அந்த வள்ளுவரும் அப்படித்தான். பீடம் 38 அடி, சிலை 95 அடி, ஆக 133 அடி உயரமுள்ள அந்த உருவத்தைக் கல்லில் எழுப்புவதற்கு முன்னால், கணபதி ஸ்தபதி மரத்தில் ஒரு மாதிரி செய்து பார்த்தார். அத்தனை பெரிய ஸ்தபதிக்கே, பார்த்துக்கொள்ள ஒரு மரம் தேவைப்பட்டிருக்கிறது. ஏழு வயதுக்காரியிடம் முதல் தாளிலேயே நெளிவு வந்துவிட வேண்டும் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லைதான். ஆனால் மரமாதிரியைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்கவும் இல்லை.

நான் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த மரம் இப்ப எங்க?" என்றாள். பதில் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை, அம்மாவிடம் கேட்டு நான் கோலம் போட உட்கார்ந்தேன். நாற்பது வயதில் முதல் தடவை. ஐந்து புள்ளிக் கோலம்தான். மாவு ஓரிடத்தில் குவியலாக விழுந்தது, அடுத்த இடத்தில் விழவே இல்லை. மூன்றாவது வளைவில் எனக்கே எரிச்சல் வந்தது, காலால் எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு எழுந்துவிடலாமா என்றிருந்தது. மகளின் தாள் முற்றத்தில் விழுந்த வேகம் அப்போது புரிந்தது. தெரிந்த வித்தையைச் செய்து காட்டியபோது எனக்குப் புரியாதது, தெரியாததில் கை வைத்தபோது புரிந்தது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அருகில் வந்து குந்தி உட்கார்ந்து, "அதை மட்டும் அழிங்கப்பா. எல்லாத்தையும் அழிக்காண்டாம்" என்றாள்.

அவள் மறுபடி வரையத் தொடங்கியிருக்கிறாள். இன்னமும் அழுத்தித்தான் வரைகிறாள், இன்னமும் சில நாள் தாள் கிழிகிறது, கோபமும் வருகிறது. வள்ளுவரின் இடுப்பு இன்னும் வளையவில்லை. அவள் நோட்டை நீட்டினால் இப்போது நான் "நல்லாயிருக்கு" என்று உடனே சொல்வதில்லை. ரப்பர் தேய்த்து மங்கிய இடத்தில் விரலை வைத்து, "இங்க முதல்ல என்ன இருந்துது?" என்று கேட்கிறேன். அதைச் சொல்லத் தொடங்கினால் அவள் லேசில் நிறுத்துவதில்லை.