பயிற்சியாளருக்குத் தெரியாதாம்!

ஊழியர் ஒருவர் விதியை மீறி எதிரணிகளை உளவு பார்க்கிறார். உளவின் பலன் அணிக்குச் சேர்கிறது; கோப்பை பயிற்சியாளர் கைக்கு வருகிறது. விசாரணை என்று வந்ததும், தமக்கு எதுவுமே தெரியாது என்கிறார் பயிற்சியாளர். அவர் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் அவர் குற்றமற்றவர் ஆகிவிடுவாரா? ஆகமாட்டார். தெரியாது என்பது கீழே இருப்பவனுக்கு ஒரு சமாதானமாகலாம். மேலே இருப்பவருக்கு அதுவே முதல் குற்றச்சாட்டு.

அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவைப் பற்றிய பேச்சு இது. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிமீறல் குழு, மிச்சிகன் பல்கலைக்கழக வழக்கில் 2025 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. கல்லூரி அணிப் பணிகளிலிருந்து ஹார்பாவுக்குப் பத்து ஆண்டுத் தடை. இதற்கு முந்தைய வழக்கு ஒன்றில் விதித்த நான்காண்டுத் தடை 2028இல் முடிந்த பிறகுதான் இது தொடங்கும்.

ஹார்பா சாமானியர் அல்லர். பயிற்சியாளரின் மகன், அண்ணனும் பயிற்சியாளர். 1986இல் மிச்சிகன் அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்காக இருந்தபோது, பரம வைரியான ஒஹாயோ ஸ்டேட்டை வீழ்த்தியே தீருவோம் என்று நிருபர்களிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்தார். கொலம்பஸ் மைதானத்தில் 26–24 என்று வென்றும் காட்டினார். 1987இல் சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணி, வீரர் தேர்வின் முதல் சுற்றிலேயே அவரை எடுத்துக்கொண்டது. பின்னர் இண்டியானாபொலிஸ் அணியை 1995 பருவத்தில் சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியின் வாசல்வரை கொண்டுசென்றார். 2013 சூப்பர் பவுலில் சான்பிரான்சிஸ்கோ பயிற்சியாளராக நின்று, அண்ணன் ஜானின் பால்டிமோர் அணியிடம் 34–31 என்று தோற்றார். 2015இல் தாம் படித்த மிச்சிகனுக்கே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். இருபத்து மூன்று வயதைத் தொடுமுன்பே அணியின் வெற்றிக்குத் தம் சொல்லைப் பணயம் வைத்தவர் அவர். அந்தச் சொல் இப்போது எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி.

நடந்தது இது. இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் இடையே சுமார் நாற்பது வினாடிதான் இருக்கும். அதற்குள் அடுத்த உத்தியை ஆட்டக்காரருக்குச் சொல்லியாக வேண்டும். கல்லூரி ஆட்டங்களில் அப்போது தலைக்கவசத்துக்குள் ஒலிபெருக்கி கிடையாது. ஆகவே கோட்டோரத்தில் துணைப் பயிற்சியாளர்கள் வரிசையாக நின்று கையை ஆட்டுவார்கள், தலையைத் தட்டுவார்கள், படம் போட்ட பெரிய அட்டைகளைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஒருவர் காட்டுவது மெய்ச் சைகை. மற்றவர்கள் காட்டுவது பொய். ஆடும்போதே பார்த்து அதை அவிழ்த்தால் குற்றமில்லை. ஆனால் பின்னால் மோதவிருக்கும் அணியின் ஆட்டத்துக்கு முன்கூட்டியே ஆளனுப்பி வேவு பார்ப்பது 1994 முதல் தடை. மிச்சிகன் ஊழியர் கானர் ஸ்டாலியன்ஸ் அதைத்தான் செய்தார். சீட்டு வாங்கிக் கொடுத்து ஆட்களை அனுப்பி, எதிரணியின் கோட்டோரத்தைக் கைபேசியில் படம் பிடிக்கவைத்தார். மூன்று பருவங்களில் 52 ஆட்டங்கள். அந்தக் கூட்டத்துக்கு உள்ளே வைத்திருந்த பெயர் கேஜிபி! விஷயம் வெளிவந்ததும் தம் கைபேசியைக் குளத்தில் வீசியெறிந்தார் ஸ்டாலியன்ஸ்.

ஆட்ட நாளில் அவர் ஏதோ மூலையில் உட்கார்ந்திருக்கவில்லை. ஹார்பா நின்ற அதே கோட்டோரத்தில், உத்தி வகுக்கும் துணைப் பயிற்சியாளர்களின் தோளருகே, கையில் தாளோடு நின்றார். இந்த மனிதருக்கு எதிரணியின் சைகை இத்தனை துல்லியமாக எப்படித் தெரிகிறது என்று கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்கவில்லை என்றால், கேட்காமலிருப்பது வசதியாக இருந்தது என்றே கொள்ள வேண்டும்.

வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறாரே, உளவு எப்படித் தவறாகும் என்று சிலர் மடக்கக்கூடும். அந்த அதிகாரத்தை முழுதும் படித்தவர் அப்படிக் கேட்கமாட்டார். எல்லாரிடத்தும் நிகழ்வதை உடனுக்குடன் அறிவது வேந்தன் தொழில் என்கிறது அது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவும் சொல்கிறது. அதாவது, உளவுச் செய்தியைப் பயன்படுத்தும் தலைவனுக்கு அது வந்த வழி தெரியாது என்று சொல்லும் உரிமையே கிடையாது. வினைத்தூய்மை அதிகாரம் இன்னும் கண்டிப்பானது. பெற்ற தாய் பசித்திருந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறது. ஒரு கோப்பை எம்மாத்திரம்? நாள்தோறும் தன் ஆட்சியை ஆராய்ந்து முறை செய்யாத மன்னன் நாளுக்கு நாள் நாட்டை இழப்பான் என்று கொடுங்கோன்மை அதிகாரத்தில் எச்சரித்தவரும் அவரே.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனை நினைத்துப் பார்க்க வேண்டும். பொற்கொல்லன் ஏமாற்றிவிட்டான், எனக்கென்ன தெரியும் என்று அவனும் சொல்லியிருக்கலாம்; அது பொய்யுமில்லை. கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்த நொடியில் அவன் கள்வன் நான்தான் என்றான். அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்விட்டான். புறநானூற்றில் பொன்முடியார் ஒரு வீர இளைஞனை உருவாக்குவதில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் உள்ள கடமைகளைச் சொல்லிவிட்டு, நன்னடத்தையைத் தரும் கடமையை வேந்தனுக்கே வைக்கிறார். பதினெட்டு, இருபது வயது மாணவர்களுக்கு அவர்களுடைய பயிற்சியாளரே வேந்தன்.

செய்யாத குற்றத்துக்கு ஒருவரைத் தண்டிக்கலாமா என்ற மறுவாதமும் உண்டு. விசாரணை முடியுமுன்பே, 2023 நவம்பரில், மிச்சிகன் ஆடும் பிக் டென் கூட்டமைப்பு ஹார்பாவை மூன்று ஆட்டங்களுக்கு விலக்கிவைத்தது அவசரம் என்பதும் பொருட்படுத்த வேண்டிய குறைதான். இருக்கட்டும்.

அந்த மூன்று ஆட்டங்களே இந்த மறுவாதத்துக்குப் பதில். ஹார்பா இல்லாமல் பென் ஸ்டேட்டை வென்றதும் தற்காலிகப் பயிற்சியாளர் ஷெரோன் மூர் தொலைக்காட்சி முன் தேம்பி அழுது, வெற்றியை ஹார்பாவுக்கே சமர்ப்பித்தார். நாடே உருகியது. தாம் மைதானத்தில் இல்லாதபோது கிடைத்த வெற்றியிலும் தலைவருக்குப் பங்கு உண்டென்றால், அவர் கண்ணெதிரே விளைந்த தவறில் மட்டும் பங்கில்லாமல் போவது என்ன நியாயம்? என்.சி.ஏ.ஏ.யும் 2023 தொடக்கத்திலிருந்தே, ஊழியர் செய்யும் மீறலுக்குத் தலைமைப் பயிற்சியாளர் தாமாகவே பொறுப்பாவார் என்று விதியை இறுக்கிவிட்டது.

பொய் சொல்லாதே, ஏமாற்றாதே, திருடாதே என்று சொல்லித்தான் தம்மை வளர்த்தார்கள் என்று 2024இல் சொன்ன ஹார்பா, இந்த விஷயத்தில் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்றும் சேர்த்தே சொன்னார். முந்தைய வழக்கோ இதைவிடச் சங்கடமானது. கொரோனா காலத் தடையை மீறி, சேர்க்கவிருந்த மாணவர்களைச் சந்தித்தது சிறிய தவறு. அதைப் பற்றிப் புலனாய்வாளர்களிடம் உண்மையை மறைத்தார் என்பதே அங்கே பெரிய குற்றமாயிற்று. தலைமைக்கு ஆசைப்படுவோர் பழியையும் சேர்த்தே ஏற்கத் துணிய வேண்டும். அந்தத் துணிவு இல்லாதவர் துணைப் பயிற்சியாளராகவே இருந்துவிடலாம்.

தண்டனை உரியவரைத் தொட்டதா என்றால், இல்லை. 15 ஆட்டங்களிலும் வென்று 2024 ஜனவரியில் பெற்ற தேசியப் பட்டம் பறிக்கப்படவில்லை. அதே மாதம் ஹார்பா லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். கல்லூரித் தடை அங்கே செல்லாது. பல கோடி டாலர் அபராதம் பல்கலைக்கழகத்தின் தலையில். 2025, 2026 பருவங்களின் இறுதிக்கட்ட ஆட்ட வருமானத்துக்கு ஈடான தொகையும் அதில் சேர்த்தி. அந்தப் பருவங்களில் ஆடும் மாணவர்களில் பெரும்பாலோர், உளவு தொடங்கிய 2021இல் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள்.