கெட்டித்த துப்பாக்கியும் ஐந்தாம் கற்பனையும்



தோட்டக் காவலுக்கென்று வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவன், அதற்கு வேண்டிய தோட்டாவையும் தன் கையாலேயே செய்துகொள்ளலாமா? "துப்பாக்கி வைத்திருப்பது பாவமில்லை என்றால் தோட்டா செய்வது மட்டும் எப்படிப் பாவமாகும்? கடையில் வாங்கினால் என்ன, வீட்டில் செய்தால் என்ன?" என்று கேட்பவர்கள் போடி மலையடிவாரத்தில் உண்டு. கேள்வி வெகுளித்தனமானதல்ல. பதில் சொல்லத்தான் வேண்டும்.

சட்டத்தின் பதில் சுருக்கமானது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 5-ஆம் பிரிவு, தோட்டா உற்பத்திக்குத் தனி லைசென்சு வேண்டும் என்கிறது. 2019-ல் வந்த திருத்தத்திற்குப் பின், அதை மீறுகிறவனுக்கு 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் முழுவதும் கூட ஆகலாம். இது நிற்க. சட்டத்துக்குப் பயந்து ஒரு காரியத்தை விடுவது வேறு, அந்தக் காரியம் என்னவென்று அறிந்து விடுவது வேறு.

அமெரிக்கா முதலிய தேசங்களில் வேட்டைக்காரர் பலர் சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளை எறிவதில்லை. மேசையோரத்தில் கைப்பிடி வைத்த ஒரு பிரஸ்ஸைத் திருகிப் பொருத்தி, அந்தக் கூடுகளுக்குப் புதிதாக மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் தோட்டாவாக்குகிறார்கள். தையல் மிஷினைப்போல அது அங்கே ஒரு வீட்டுச் சாமான். ஆனால் அதில் பழகியவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கைக் கேளுங்கள். மேசைமேல் ஒரே வகை மருந்துக்கு மேல் இருக்கக்கூடாது. வேலை நடக்கும்போது பேச்சில்லை, புகையில்லை. குடித்தவன் அந்த அறைக்குள் வரக்கூடாது. பிரஸ்ஸைத் துருவேறவும் திருகு தளரவும் விடக்கூடாது. ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் குனிந்து பார்க்கவேண்டும். ஏனென்றால் இரண்டு தடவை மருந்து விழுந்த கூடு குழலைப் பிளந்துவிடும். மருந்தே விழாத கூடோ குண்டைக் குழலுக்குள் சிக்கவைக்கும். அதையறியாமல் அடுத்ததைச் சுட்டவன் கையையோ கண்ணையோ இழப்பான். பகலில் நிரப்பியவனின் ஒரு நிமிஷக் கவனக்குறைவு, வேறொரு நாள் வேறொருவன் முகத்தில் வெடிக்கலாம்.

நமது பக்கத்தில் அந்தப் பிரஸ் கிடையாது. நமக்கிருப்பது நாட்டுத் துப்பாக்கி. பயிர்க் காவலுக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு தரச் சட்டத்திலேயே இடமுண்டு. தோட்டாத் துப்பாக்கியாயிருந்தால் காவல் முடிந்ததும் தோட்டாவை உருவிவிடலாம். நாட்டுத் துப்பாக்கியில் கெட்டித்தது வெளியே வர இரண்டே வழி: ஒன்று சுடவேண்டும், இல்லாவிட்டால் திருகுக்கம்பியை விட்டு மெதுவாகத் தோண்டியெடுக்கவேண்டும். விடிய விடியக் கண் விழித்தவனுக்கு அதற்கு ஏது பொறுமை? சுட்டால் மருந்து வீண். ஆகையால் கெட்டித்தபடியே சுவரில் மாட்டிவிட்டுத் தூங்கப்போகிறான். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் அது தொங்குகிறது.

வாசகரே, பாவம் விசையில் விரல் வைக்கும்போதுதான் தொடங்குகிறது என்று நினைக்கிறோம். அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் அப்படி நினைக்கவில்லை. தற்காப்பைப்பற்றி எழுதிய கையோடு, தற்செயலாக நேரும் கொலையைப்பற்றியும் அவர் ஆராய்கிறார். செய்யத்தகாத வேலையில் ஈடுபட்டிருந்தவனும், தகுந்த வேலையையே தக்க கவனமின்றிச் செய்தவனும், நினையாமல் நேர்ந்த சாவுக்கும் பொறுப்பாளியே என்பது அவர் தீர்ப்பு. இதற்கும் முந்தியது உபாகமம் 22-ஆம் அதிகாரத்துக் கட்டளை: புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் வைக்கவேண்டும்; யாராவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். விழுகிறவன் யாரென்று அங்கே பேச்சில்லை. விருந்தாளியாயிருக்கலாம், திருடனாயுமிருக்கலாம்.

ஏலத்தோட்டத்தில் விழக்கூடியவள் யார் என்று நமக்குத் தெரியும். இருட்டு விலகுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறிப்போகிறார்களே, அந்தப் பெண்கள். ஏலச்செடி ஆளுக்குமேல் உயரம். காயோ தூரடியில், மண்ணையொட்டிக் கிடக்கிறது. உட்கார்ந்தும் தவழ்ந்தும் எடுக்கவேண்டும். பனிமூட்டத்தில் இலையசைவு மட்டுமே தெரியும். பன்றி கிளறினாலும் அதே அசைவு, காய் எடுக்கிறவள் நகர்ந்தாலும் அதே அசைவு.

"பன்றி தூரைத் தோண்டிப் போட்டுவிடுகிறதே, கடன்காரனுக்கு யார் பதில் சொல்வது?" என்கிறீர்கள். வாஸ்தவம். அந்தக் கஷ்டத்தை வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து குறைத்துப் பேசுவது எளிது. நான் அப்படிப் பேசமாட்டேன். சர்க்காரும் இப்போது அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. மெட்டுக்கு அந்தப் புறம் கேரளத்தில் 2022 முதல், உள்ளாட்சித் தலைவர்களின் அனுமதியோடு லைசென்சு துப்பாக்கிக்காரர் பயிரழிக்கும் பன்றியைச் சுடலாம் என்று ஏற்பாடு. இந்தப் புறம் தமிழகம் 2025 ஜனவரியில் அறிவித்ததோ வேறு விதம்: காட்டெல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதைச் சுடலாம், சுடுகிறவர் வனத்துறையாராகவே இருக்கவேண்டும். ஒரே மலை, ஒரே பன்றி, இரண்டு ஏற்பாடு. நம் ஆட்களுக்கு இது எரிச்சலூட்டுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் இரண்டிலும் ஒன்று பொது: சுடுகிறவன் கண் விழித்து நின்று, எதைச் சுடுகிறோம் என்று பார்க்கிறான்.

அவுட்டுக்காயில் அந்தக் கண்ணும் இல்லை. தீனிக்குள் வெடியை வைத்துப் பொதிந்து, பன்றித்தடத்தில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறான் மனிதன். அது பன்றிக்கென்று காத்திருப்பதில்லை. கடிக்கிற வாய்க்குக் காத்திருக்கிறது. 2020 மே மாதம் பாலக்காட்டு மாவட்டத்தில் சினையானை ஒன்று இப்படித்தான் வாய் சிதறி, தின்னவும் முடியாமல் வெள்ளியாற்றில் நின்றபடியே செத்தது. உலகமே அதற்காக அழுதது. அதே வெடியைக் கடிக்கும் மேய்ச்சல் மாட்டுக்கும் நாய்க்கும் அழ ஆளில்லை. யாத்திராகமம் 21-ல், குழி வெட்டி மூடாமல் விட்டவன் அதில் விழுந்த மாட்டுக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்றிருக்கிறது. "நான் மாட்டுக்காக வெட்டவில்லையே" என்று அவன் சொல்ல அங்கே இடமேயில்லை.

ஆகவே முதலில் கேட்டவருக்கு என் பதில்: வேண்டாம். கடைத்தோட்டா புனிதமானது என்பதற்காக அல்ல. காவற்காரனுக்குக் கண் வேண்டும். தன் வீட்டு மேசையில், யாரும் சோதிக்காத அளவில், யாருக்கும் தெரியாமல் வெடி கெட்டிக்கிறவன் முதலில் மறைப்பது பிறர் கண்ணை. பிறகு தன் கண்ணையும் மூடிக்கொள்ளப் பழகிவிடுகிறான்.

லைசென்சுக்காரரிடம் இன்னொன்று கேட்கவேண்டும். தேர்தல் வரும்போது துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, அந்த வாரங்களில் தோட்டத்தை எப்படிக் காத்தீர்கள்? தகரம் தட்டியா, தீ மூட்டியா, பக்கத்துத் தோட்டக்காரரோடு முறைவைத்து விழித்திருந்தா? அவற்றில் எது பலித்தது?