முன்வினையும் முப்பதாம் நாளும்

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குப் பார்வை போய்விட்டது என்றதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, யார் செய்த பாவம் என்பதுதான். யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்களும் இதையே கேட்கிறார்கள்: இவன் செய்ததா, பெற்றவர்கள் செய்ததா? இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. நம்மிடம் 'முன்வினை' என்ற பதில் தயாராக இருக்கிறது. பெரும்பாலும் அது தாயின் தலையில் வந்து விடிகிறது. அந்தப் பதிலை ஏற்குமுன் கண்ணுக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கருவின் 16ஆம் வாரத்தையொட்டி நடுவிலிருந்து கிளம்பி, பத்து மாதம் நிறையும் தறுவாயில்தான் ஓரத்தைத் தொடுகின்றன. 28 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு அவை பாதி வழியில் நிற்கும். மிதமிஞ்சிய ஆக்சிஜன் பட்டால் வளர்ச்சி நின்றுபோகும். விழித்திரைக்குப் பசியெடுக்கும்போது குழாய்கள் தாறுமாறாக முளைக்கும், அதில் விழும் வடு சுருங்கி விழித்திரையையே பெயர்த்துவிடும். கிருமித் தொற்று, ரத்தம் ஏற்றுவது, பிறந்தபின் எடை ஏறாதது எல்லாம் இந்த ஆபத்தைக் கூட்டுபவை.

1942இல் பாஸ்டனில் டெரி என்ற கண் மருத்துவர் இந்நோயை முதன்முதலில் விவரித்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 10,000 குழந்தைகள் பார்வையிழந்தார்கள். அதிகம் பாதிக்கப்பட்டவை, காற்றுப் புகாத புது இன்குபேட்டரும் தாராளமான ஆக்சிஜனும் இருந்த வசதியான மருத்துவமனைகள். முன்வினை ஏன் பணக்கார வார்டுகளாகத் தேடிப் போயிற்று? 1951இல் மெல்போர்னின் கேட் கேம்ப்பெல் ஆக்சிஜனைச் சந்தேகித்தார். 1953-54இல் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதிசெய்தது. கண்ணைக் கெடுத்தது பிள்ளையைப் பிழைக்கவைக்க ஊட்டிய அதே காற்று என்பது சீடர்களின் கேள்வியைவிடக் கடினமான விஷயம். இன்றும் அமெரிக்காவில் பொதுவாக 1,500 கிராம் வரை பிறந்த குழந்தைகளின் கண்ணைப் பரிசோதித்தால் போதும் என்கிறார்கள். இந்தியாவில் அந்த எல்லை 2,000 கிராம். சற்றுப் பெரிய பிள்ளைகளும் இங்கே பார்வையிழப்பதால்தான் இந்த வித்தியாசம். ஆக்சிஜனைக் காற்றோடு கலந்து கொடுக்கும் பிளெண்டரும், பாதத்தில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும், அதைக் கவனிக்க ஒரு நர்ஸும் எல்லா இடத்திலும் இல்லை.

இவை இல்லாத மருத்துவமனையில் பிறந்ததே வினைதானே என்று கேட்கலாம். அப்படியானால் பிளெண்டர் வாங்கியதும் வினை, வாங்காததும் வினை. எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் எதையும் விளக்குவதில்லை. ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். என் வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு மருத்துவத்திலிருந்தே வருகிறது. 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவை 85-89 சதவீதத்தில் வைத்த குழந்தைகளுக்குக் கடுமையான கண்நோய் குறைந்தது. ஆனால் 91-95இல் வைத்தவர்களைவிட அதிகம் பேர் இறந்தார்கள். எவ்வளவு கவனித்தாலும் சில கண்கள் போகும். இந்த மிச்சத்தை விதி என்று சொல்பவரோடு எனக்குச் சண்டையில்லை, அந்தச் சொல்லுக்குள் ஒரு குற்றவாளியை ஒளித்துவைக்காதவரை. ஆனால் விதி என்று சொல்ல ஒரு தேதி இருக்கிறது. இந்திய நெறிமுறைப்படி முதல் கண் பரிசோதனை பிறந்த 30 நாளுக்குள் நடக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாக. லேசர் சிகிச்சை வேண்டுமென்று தெரிந்தால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தள்ளக்கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதியை எழுதாமல் விட்டதைத் தலையெழுத்து என்று எந்தச் சமயமும் சொன்னதாகத் தெரியவில்லை.