கீழத்தெருவுக்கு எப்படிப் போகணும்?

ஆச்சியிடம் கிளிப் படத்தைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். பிறகு, முந்தானையில் நான் குத்தியிருந்த மைக்கை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். தொண்டையைச் செருமிவிட்டு, "கிழி" என்றாள்.

அடுத்த படம் வாழைப்பழம். செய்தி வாசிப்பவர்கள் தோற்றுப்போகும் அளவுக்குச் சுத்தமான இரண்டு ழகரங்கள். நோட்டில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து இரண்டாவது வருஷம் அது. தென் மாவட்டத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிட்டது: பளம், மள, கோளி. சென்னைப் பக்கம் அதுவே யகரமாகும்: பயம், கோயி. மொழியியல் படிக்கிற எல்லோருக்கும் இது தெரிந்த சங்கதிதான். எந்தச் சொல்லில், எந்த வயதுக்காரர் வாயில் ழகரம் இன்னும் தங்கியிருக்கிறது என்று பார்க்க நினைத்தேன். பள்ளிக்கூடம் போகாத ஆச்சிமார் ளகரம் சொல்வார்கள், படித்த பிள்ளைகள் ழகரம் சொல்வார்கள், ஒரு வரைபடம் போட்டுக் காட்டிவிடலாம். ஆய்வுச் சுருக்கத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். எழுதும்போது அது எவ்வளவு அழகாக இருந்தது!

தாமிரபரணிக் கரையில் அந்த ஒரே ஊரில் பன்னிரண்டு பேரைப் பதிவு செய்து முடித்தபோது வரைபடம் போடக் கையில் ஒன்றுமே இல்லை. ழகரம் வரவேண்டிய இடத்திலெல்லாம் ழகரம். போதாததற்கு, ளகரம் வரவேண்டிய சில இடங்களிலும் ழகரம். வாசலில் நின்று "கோளி அடஞ்சிட்டா பாரு" என்று பேத்தியிடம் கத்துகிற அதே ஆச்சி, மைக்குக்கு முன்னால் "கோழி" என்றாள். கிளி 'கிழி' ஆவதற்கு மிகைத்திருத்தம் என்று பெயர். தவறாகப் பேசிவிடக் கூடாதே என்ற பயத்தில், சரியாக இருப்பதையும் சேர்த்துத் திருத்திவிடுவது. "தாய்மார்கழே" என்று மேடையில் முழங்குகிறவர்களிடம் நாம் தினமும் கேட்பதுதான். பெயர் தெரிந்துவிட்டதால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. முன்னேற்ற அறிக்கை கொடுக்கவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "தகவலாளி சரியில்லேன்னா ஊரை மாத்துங்க" என்றார் நெறியாளர். ஊரை மாற்றினால் மைக் மாறிவிடுமா?

இந்த இக்கட்டு எனக்கு முன்பே வேறொருவருக்கும் வந்திருந்தது. வில்லியம் லபோவ் என்ற அமெரிக்கர், மை தயாரிக்கும் தொழிலில் வேதியியலாளராக இருந்துவிட்டு, முப்பது வயதுக்கு மேல் மொழியியலுக்கு வந்தவர். யாரும் கவனிக்காதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று அறிய வேண்டும், ஆனால் கவனிக்காமல் அதை அறிய முடியாது என்ற முரணைப் பின்னாளில் எடுத்துச் சொன்னவர் அவர்தான். 1962-இல், ஆய்வு மாணவராக இருந்தபோது, நியூயார்க்கில் சாக்ஸ், மேசிஸ், க்ளைன் என்ற மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். நான்காவது மாடியில் என்ன விற்கிறார்கள் என்று முதலிலேயே தெரிந்துகொண்டு, அது எங்கே கிடைக்கும் என்று ஊழியர்களிடம் கேட்டார். "நான்காவது மாடி" என்பதை அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னால் இரண்டு சொல்லிலும் ரகரம் வரவேண்டும். அது வருகிறதா, விழுங்கப்படுகிறதா என்பதே கேள்வி. காதில் விழாததுபோல் இன்னொரு தரம் கேட்பார். ஊழியர் அழுத்திச் சொல்வார். மறைவாகப் போய் நோட்டில் குறித்துக்கொள்வார். ஏறத்தாழ ஆறரை மணி நேரத்தில் 264 பேர். பணக்காரர்கள் வரும் சாக்ஸில் ரகரம் அதிகம், மலிவுக்கடையான க்ளைனில் மிகக் குறைவு.

எனக்கு நான்காவது மாடி கிடையாது. ஆனால் நெல்லைச் சீமையில் கீழத்தெரு இல்லாத ஊர் அபூர்வம். பக்கத்து ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில், பூக்கடையில், ரேஷன் வரிசையில் விசாரித்தேன். கிழக்குப் பக்கத்துத் தெருவுக்கு எப்படிப் போகணும் என்று சுற்றி வளைத்துத்தான் கேட்டேன், சொல்லை நான் எடுத்துக் கொடுத்துவிடக் கூடாதே. "கீளத்தெருவா? நேர போங்க" என்று வந்துகொண்டே இருந்தது. "என்ன தெரு?" என்று மறுபடி கேட்டதும், பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். தோள்பை, கண்ணாடி, கழுத்தில் அடையாள அட்டை. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, "கீழத்தெரு" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார்கள்.

வரைபடம் போட இது போதும். ஆனால் அந்த ஒரு நிமிஷப் பார்வை என்னை விடவில்லை. நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடும்போது இந்த ஒலி பிறப்பதாகத் தொல்காப்பியர் சொல்கிறார். மொழியின் பெயரிலேயே அது இருக்கிறது. நம் பெருமையெல்லாம் அந்த ஒற்றை எழுத்தில்தான். அவ்வளவு பெருமையை ஓர் எழுத்தின் தலையில் ஏற்றி வைத்தால், அது நாக்கில் வராதவர்கள் என்ன செய்வார்கள்? ஒளித்து வைப்பார்கள். என் பன்னிரண்டு பதிவுகளில் இருந்தது பிழை இல்லை. வெளியூர்க்காரி முன்னால் பழைய சேலையை மாற்றிக்கொண்டு வந்து உட்காருவதுபோன்ற ஒரு மரியாதை. அதைக் குப்பை என்று தள்ளிவிட்டு, நான் தேடி வந்த 'உண்மைப் பேச்சு' வேறெங்கோ இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பவும் ஆச்சியிடம் போனேன். போன தடவை ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தாள். "நீ பொஸ்தகம் கணக்கா கேட்டா, நான் பொஸ்தகம் கணக்காதானட்டி சொல்லணும்!"

என் ஊர் அங்கிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆறாம் வகுப்பில் தமிழ் வகுப்புக்கு வெளியே நிறுத்தி, வாழைப்பழத்தோலில் வழுக்கி விழும் அந்த ஏழைக் கிழவனை நூறு முறை சொல்லவைத்தார்கள். எனக்கு ழகரம் வந்துவிட்டது. ளகரம் போன இடம் தெரியவில்லை. அம்மா தொலைபேசியில் "பளம் வாங்கிச் சாப்பிடு" என்னும்போது, விடுதி அறையில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பேசுகிறவளாகியிருந்தேன். அந்தக் குரலோடு போய் ஆச்சியின் திண்ணையில் உட்கார்ந்து, இயல்பாகப் பேசுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

அன்று படங்களை வெளியே எடுக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் வானம் கறுத்துப் படபடவென்று தூறல் விழ, முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய் வத்தலை அள்ள இருவரும் ஓடினோம்.

இரவு அறையில் பதிவைக் கேட்டேன். நிறுத்த மறந்த கருவி திண்ணையிலேயே ஓடியிருக்கிறது. தார்ப்பாய் இழுபடும் சத்தம். ஆச்சி யாரையோ வைகிறாள். அதற்கெல்லாம் மேலே ஓர் இளம்பெண்ணின் குரல்: "ஆச்சி, மள! மள வந்துட்டு, சுளவ எடுங்க!" எவ்வளவு தெளிவான ளகரம்! நோட்டைத் திறந்து, 'பேத்தி, வயது' என்று எழுதத் தொடங்கினேன். எழுதும்போதுதான் நினைவு வந்தது. பேத்தி அன்றைக்குப் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.