சட்டம்பியாரும் பேரப்பிள்ளையும்



உத்தியோகத்தினின்றும் நீங்கி முதுமையெய்திய ஒருவர், எஞ்சிய காலத்தைச் சிவசிந்தனையிற் செலுத்தாது பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருத்தல் தகுமோ என்னும் வினா நம்மவரிடையே அடிக்கடி எழுகின்றது. மனைவி மக்கள்மேல் வைத்த பற்றே அறுத்தற்கரியதாயிருக்க, அறுபது கடந்தபின் புதியதொரு பற்றைத் தேடிக்கொள்ளுதல் பாசத்தின்மேற் பாசமன்றோ என்பர். வினா சிறிதன்று. விடையைச் சாத்திரத்தில் மாத்திரம் தேடாது, நாம் அறிந்த சட்டம்பியார் ஒருவருடைய வாழ்விலுந் தேடுவோம். அவர் 2023ஆம் ஆண்டிலே தமது 88ஆம் வயதிற் சிவபதமடைந்தார். பெயரைக் கூறாது விடுகின்றோம். தம்மைப் பிறர் புகழ்ந்தெழுதுவதை அவர் விரும்பியவரல்லர்.

நாம் கற்றது மிஷன் பாடசாலையிலே. அங்கே ஒருவர் இறந்தால் அவருடைய நற்குணங்களை எடுத்தோதும் பிரசங்கம் நடக்கும். யாழ்ப்பாணத்துச் சைவருக்கோ கல்வெட்டு உண்டு. இறந்தவருடைய ஊரும், கற்ற கல்வியும், பார்த்த உத்தியோகமும், மக்கள் மருமக்கள் பேரர் பெயர்களும் செய்யுளிலமைத்து, திதி வெண்பாவுஞ் சேர்த்து அச்சிட்டு, 31ஆம் நாள் அந்தியேட்டியன்று ஒருவர் இராகத்தோடு வாசிக்க மற்றையோர் கண்ணீர் சொரிவர். நல்ல வழக்கமே. எனினும் உத்தியோகத்துக்கு நான்கு விருத்தமும் பேரப்பிள்ளைக்கு வெறும் பெயருமே பெரும்பாலும் கிடைக்கும். இவருக்கும் அவ்வாறே ஆயிற்று.

அவ்விருத்தங்களின் பொருள் இது: 1959ஆம் ஆண்டிலே சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தின் பாடசாலையொன்றில் ஆசிரியரானார், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபின்னும் பணியைத் தொடர்ந்து, 36 ஆண்டு கற்பித்து, 1995இல் ஓய்வு பெற்றார். அவருடைய பிரம்பைக் கல்வெட்டுப் பாடவில்லை. அதனை மறந்த மாணவர் ஒருவருமிலர். ஆலயத்திலே கந்தபுராண படனத்துக்குப் பயன் சொல்பவரும் அவரே. வாசிப்பவர் ஒரு சீரைப் பிழைபட வாசித்தாலும் அச்செய்யுளை முதலிலிருந்து வாசிப்பிப்பார். தாம் பல்லாண்டாக எழுதிச் சேர்த்த பயன்குறிப்புக்களை ஒரு தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். பெட்டியைத் தொட வீட்டாருக்கும் அநுமதியில்லை.

ஓய்வு பெற்ற அவ்வாண்டிலேயே, அக்டோபர் மாதம் 30ஆந் தேதி, வலிகாமத்து மக்கள் யாவரும் ஊர்விட்டு நீங்க நேர்ந்தது. இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் மழையினூடே தென்மராட்சி நோக்கி நடந்தனர். சட்டம்பியார் துவிச்சக்கரவண்டியின் பின்னே பெட்டியைக் கட்டி, முன்னே மகள் வயிற்றுப் பிள்ளையை இருத்தி உருட்டிச் சென்றார். பிள்ளைக்கு வயது மூன்று. செம்மணி வெளியிலே சனநெருக்கத்தால் வண்டி அசையவில்லை. பிள்ளை வீரிட்டழுதது. அவர் வண்டியையும் பெட்டியையும் தெருவோரத்திலே விட்டு, பிள்ளையைத் தோளிலேற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை என்று அவருடைய மகளார் எம்மிடங் கூறினார்.

சிவபாதவிருதயர் தம் அருமைப் பிள்ளையாரைத் தோளிற் சுமந்து தலந்தோறுஞ் சென்றமை சேக்கிழார் புராணத்தில் விளங்கும். இறைவன் முத்துச்சிவிகை அருளும்வரையும் அத்தோள்களே பிள்ளையாருக்குச் சிவிகையாயின. அவ்வடியாரோடு இவரை ஒப்பிடுகின்றோமென்று கொள்ளற்க. பிள்ளையைச் சுமந்த தோளைப் பாசத்தின் தோளென்று நம் புராணம் இகழவில்லை என்பதே நாங் கருதியது.

1996இல் ஊர் திரும்பியபின் சட்டம்பியார் குறிப்பின்றியே பயன் சொல்லலாயினார். முன்போலச் சொல் ஓடவில்லை, இடையிடையே தடுமாறினார். பழைய கண்டிப்பும் வாசிப்பவர்மேற் செல்லவில்லை. பேரன் அருகிலிருந்து கேட்பான். (நம் நாட்டிலே பேரன் என்னுஞ்சொல் பாட்டனையுங் குறிக்கும், பிள்ளையின் பிள்ளையையுங் குறிக்கும். அவ்வீட்டிலே யார் எந்தப் பேரன் என்று சில வேளை எமக்கே ஐயமுண்டாகும்.) சூரன் மாமரமாய் நின்று, வேலாற் பிளவுண்டு, மயிலுஞ் சேவலுமான பகுதி வாசித்த அன்று, ஏழு வயதுப் பிள்ளை சபை நடுவே, “அம்மப்பா, மயிலுஞ் சூரன்தானே? மயிலைக் கும்பிடும்போது நாங்கள் சூரனையுமோ கும்பிடுகிறோம்?” என்றான்.

சிலர் நகைத்தனர். ஒருவர் பிள்ளையை அதட்டினார். சட்டம்பியார் அவரைக் கையமர்த்தி, நெடுநேரம் வாளாவிருந்து, “இந்தக் கேள்வியை நான் இத்தனை காலமுங் கேட்டுக்கொள்ளவில்லை. நாளை வருகிறேன்” என்று ஏட்டை மூடினார். 36 ஆண்டு வகுப்பிலே அவர் வாயினின்றும் வாராத வார்த்தை அது. கேட்டிருந்த பழைய மாணவருட் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினர்.

மறுநாட் சொன்ன பயன் வருமாறு: ஆணவமலம் அநாதி. ஆதலின் அது அழிவதன்று. அதன் சக்தியே அடங்குவது. சூரன் அழியாது வாகனமுங் கொடியுமாய்த் திருவடிக்கீழ் அடங்கினமை அதனைக் காட்டிற்று. நாங் கும்பிடுவது அடக்கியவனையும் அவனுக்கு அடங்கிய நிலையையுமேயன்றிச் செருக்கையன்று. இவ்வளவுஞ் சொல்லி, “கேட்டவன் என் பேரன். எனக்குப் படிப்பித்தவனும் அவனே” என்றார்.

மெய்கண்டதேவர் குடும்பத்துக்குக் குலகுருவாயிருந்த சகலாகம பண்டிதர் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். முதியவர், ஆகமமனைத்துங் கற்றவர், திருவெண்ணெய்நல்லூரிலே அவ்விளம் பிள்ளையின்முன் சென்று ஆணவமலத்தின் இயல்பு யாதென வினாவினார். பிள்ளை அவரை ஏற இறங்க நோக்கியது. நின்ற நிலையே ஆணவமென்று உணர்ந்து அடியில் வீழ்ந்தார். அருணந்தி சிவாசாரியராய்ச் சிவஞானசித்தியார் அருளினார். அங்கே ஞானகுரு. இங்கே மழலை மாறாத சிறுவன். வேறுபாடு மலைக்கும் மடுவுக்குமுள்ளது; ஆயினும் தலை தாழ்ந்த வழி ஒன்றே.

இனி முன்னை வினாவுக்கு வருவோம். பேரப்பிள்ளையினிடத்து ‘இவன் என்னுடையவன், என் பெயரைக் காப்பவன்’ என்று வைக்கும் பற்றுப் பாசமே, அதில் ஐயமில்லை. ஆயின் இச்சட்டம்பியார் அப்பிள்ளையினிடத்தில் எதனைப் பெற்றார்? பெட்டியை விட்டார், செருக்கைத் தளர்த்தினார், தெரியாததைத் தெரியாதென்று சபையிற் சொல்லக் கற்றார். திருமுறை ஓதி நாம் வேண்டுவனவும் இவைதாமே. சிவசிந்தனைக்கு அவர் மடியிலிருந்த பிள்ளை இடையூறாயிற்றென்று நாங் கூறத் துணியோம்.

பிரம்பின் தழும்பை நினைந்து, ‘எங்களுக்கு அடி, பேரனுக்கு மடியோ’ என்று குறைகூறிய பழைய மாணவரும் உளர். அக்குறை நியாயமானதே. அதனைச் சட்டம்பியாருங் கேட்டார், மறுக்கவில்லை. கடைசி இருபது ஆண்டுகளிலே தம் விறாந்தைக்கு மாலைதோறும் வந்த அயற்பிள்ளைகளுக்குக் காசு வாங்காது கற்பித்தார். அங்கே பிரம்பு இருந்ததில்லை.

அந்தியேட்டிக்குப் பேரன் கடல் கடந்து வந்து கீரிமலையிலே தீர்த்தமாடினான். கல்வெட்டு வாசித்து முடிந்தபின், செம்மணியில் விட்ட பெட்டியைப்பற்றி அதில் ஒன்றுமில்லையே என்று புலவரைக் கேட்டான். பக்கம் நிறைந்துவிட்டது என்றார் புலவர். பேரன் தன் பிரதியின் பின்னட்டையிலே அதனை உரைநடையில் எழுதிக்கொண்டான், எமக்குங் காட்டினான்.