கேள்வி கேட்க ஒரு பருவம்

மழை பிடித்துவிட்டால் தேவ்னார் பக்கம் புது முகங்கள் தெரியும். கோவண்டி ஸ்டேஷனில் இறங்கி, டாடா சமூக அறிவியல் நிறுவனத்துக்குப் போக ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டு நிற்பார்கள். முதுகில் பெரிய பை, கையில் அன்றைக்குத்தான் வாங்கிய குடை. ஐரோப்பாவின் குளிர் நாடுகளிலிருந்து ஒரு செமஸ்டர் மட்டும் படிக்க வந்த இளைஞர்கள். தூரத்து வெப்ப நாடு என்று கேட்டு வெயிலை நினைத்து வந்திருப்பார்கள். மும்பை முதலில் காட்டுவது மழையை. செம்பூரில் குடியிருக்கும் எனக்கு இவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும். நாலைந்து மாதத்தில் ஓர் ஊரில் வாழ்ந்துவிட முடியுமா, இல்லை, பார்த்துவிட்டுப் போகத்தான் முடியுமா?

முடியும் என்றே நம்புகிறேன். அதற்கு மாதங்களைக் கூட்டினால் போதாது. பத்து வருஷம் இருந்தும் ஊரைத் தொடாமல் போனவர்கள் உண்டு. வந்தவர் ஊரைக் கேள்வி கேட்பதுபோல ஊரும் அவரைக் கேட்க இடம் கொடுக்கிறாரா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

வெளிநாட்டில் கொஞ்சகாலம் படித்துத் திரும்பும் இந்த முறைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1923-இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் கிர்க்பிரைட் என்ற பேராசிரியர் எட்டு மாணவர்களைப் பிரான்சுக்குக் கப்பலேற்றினார். ஒரு கல்வியாண்டை வெளிநாட்டில் படிக்கும் ஏற்பாட்டுக்கு அதையே தொடக்கமாகச் சொல்வார்கள். 1987-இல் ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் எராஸ்மஸ் திட்டத்தைத் தொடங்கியபோது அந்தப் பழக்கம் சாதாரணப் பிள்ளைகளுக்கும் எட்டியது. அந்தப் பயணங்களின் நோக்கத்தைக் கவனியுங்கள். பாரிசுக்குப் போனவர் அங்குள்ளவர்களிடம் மொழி கற்கப் போனார், இலக்கியம் கற்கப் போனார். பிறகு மாணவர்கள் வெப்ப நாடுகளுக்கும் வரத் தொடங்கியபோது நோக்கம் மாறியது. பாரிசில் மாணவராக இருந்தவர் தாராவியில் ஆய்வாளர் ஆகிவிட்டார். இருபத்தொரு வயதில், வந்திறங்கிய மூன்றாவது வாரத்தில், கையில் வினாத்தாளோடு ஒரு குடும்பத்தின் வாசலில் நிற்கிறார். பிழை அந்தப் பிள்ளையிடம் இல்லை. பாடத்திட்டம் அவரை அப்படி நிறுத்திவைத்திருக்கிறது.

தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கி வைத்தவரே தூரத்திலிருந்து வந்தவர்தான். கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி 1925-இல் பம்பாய்க்கு வந்து நாக்பாடாவில், ஆலைத் தொழிலாளர்கள் நடுவே, ஒரு சமூக இல்லத்தை நடத்தினார். அந்த அனுபவத்திலிருந்துதான் 1936-இல் சமூகப் பணிக்கான கல்விக்கூடம் பிறந்தது. தேவ்னாருக்கு அது குடிவந்தது 1954-இல். 1956-இல் தொடங்கப்பட்ட மக்கள்தொகை ஆய்வுக்கான பன்னாட்டு நிறுவனமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து படிக்கிறார்கள். ஆகவே வெளிநாட்டு மாணவர் என்றால் வெள்ளைக்காரர் என்று எங்கள் பேட்டையில் யாரும் நினைக்க நியாயமில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்: குளிர்நாட்டுப் பெண்ணுக்குக் காபி கொடுத்து உட்காரவைக்கும் அதே கட்டடத்தில், ஆப்பிரிக்க மாணவர் வாடகைக்கு அறை கேட்டால் குடியிருப்பு சொசைட்டி விதி நினைவுக்கு வந்துவிடுகிறது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். விருந்தாளிகளைத் தரம் பிரித்து வரவேற்பதை விருந்தோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செம்பூர் செட்டா நகரில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி வீட்டில் நார்வேயிலிருந்து ஒரு பெண் பேயிங் கெஸ்ட்டாக இருந்தாள். ஏழைக் குடும்பங்களில் முதியவர்களை யார் பராமரிக்கிறார்கள் என்பது அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு. வந்த புதிதில் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவாள். குழாயில் தண்ணீர் வரும் நேரம், பால்காரர் வரும் நேரம், பக்கத்து வீட்டில் எத்தனை பேர் என்பது வரைக்கும். ஆகஸ்டில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலத்தில் மும்பைக்கு வருகிற பலருக்கும் வருவதுதான். மாமி கஞ்சி வைத்துக் கொடுத்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்து, ராத்திரி இரண்டு முறை எழுந்து கவனித்தார். காய்ச்சல் விட்ட பிறகு ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார். “உனக்குப் பாட்டி இருக்காளா? தனியா இருக்காளா? அவளுக்கு ஒடம்பு முடியலேன்னா யார் பார்த்துப்பா?”

அந்தப் பெண் பதில் சொன்னாள். பாட்டி முதியோர் இல்லத்தில் இருக்கிறார், அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது, நல்ல இடம் என்றாள். மாமி விடவில்லை. நீ எப்போது போய்ப் பார்ப்பாய், பாட்டிக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும், அங்கே பேச்சுத்துணைக்கு யார் என்று கேட்டுக்கொண்டே போனார். குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான். அந்தப் பெண் பிறகு என்னிடம் சொன்னாள்: இந்த ஊரில் எத்தனையோ பேரிடம் இதே கேள்விகளைக் கேட்டிருக்கிறாளாம், தானும் ஒருநாள் பதில் சொல்ல வேண்டிவரும் என்று நினைத்ததே இல்லையாம். அதன் பிறகு அவள் வினாத்தாளையே மாற்றி எழுதினாள். முதலில் தன் பாட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைக் கேட்கத் தொடங்கினாள். நோட்டில் எழுதுவது குறைந்தது. அவள் மும்பையில் வாழ ஆரம்பித்தது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றியது.

தாராவியில் நிலைமை வேறு. அங்கே கேட்கப்படுவது ஒருநாள் சமாச்சாரம் இல்லை. இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான அந்த இடத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் கட்டடக்கலை மாணவர்கள், சமூகவியல் மாணவர்கள், படம் எடுப்பவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சிலர் உழைத்துச் செய்த வேலையும் இருக்கிறது. ஸ்டாக்ஹோம் அரச கலைக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் செய்த ஆய்வுகள் ஆங்கில நூலாகி 2009-இல் டெல்லியிலும் வெளியாயின. ஆனால் பெயர் தெரியாத எத்தனையோ செமஸ்டர் அறிக்கைகள் மதிப்பெண் வாங்கியதும் மறைந்துபோகின்றன. தொண்ணூறடி ரோட்டில் இருக்கும் என் பெரியம்மா இந்த வினாத்தாள்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகவே ஒப்பிப்பார். வீட்டில் எத்தனை பேர், மாத வருமானம் எவ்வளவு, கக்கூஸ் எங்கே, தண்ணீர் எத்தனை மணிக்கு.

“வாராவ, கேக்காவ, எழுதிட்டுப் போறாவ. நாம ஒண்ணு கேட்டா சிரிச்சிட்டு நிக்காவ” என்பார்.

பெரியம்மா கேட்க விரும்பியது பெரிதாக ஒன்றுமில்லை. உங்க அம்மா என்ன வேலை பார்க்காவ, உங்க ஊர்ல வாடகை எவ்வளவு, ஒத்தைப் பிள்ளைய இவ்வளவு தூரம் அனுப்பிட்டு அவுகளுக்குத் தூக்கம் வருமா? அவர் சொல்ல விரும்பியதற்கும் வினாத்தாளில் கட்டம் இல்லை. அவருடைய அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவித் தோல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். பாந்த்ராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971-இல் தேவ்னாருக்கு மாறியது. பதனிடும் வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, தோலைத் தைத்துப் பை செய்யும் வேலை நிலைத்தது. அந்த மாற்றத்தில் அவர் அப்பா எப்படி வேலை இழந்தார், குடும்பம் எப்படித் தப்பியது என்பதை மணிக்கணக்கில் சொல்வார். வருமானக் கட்டத்தில் எழுதப்படும் எண்ணுக்குக் காரணம் அந்தக் கதையில் இருக்கிறது. பிறகு மறுசீரமைப்புத் திட்டத்துக்காக இன்னொரு கணக்கெடுப்பும் வந்தது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன்னால் இங்கே இருந்தீர்களா, அதற்குக் காகிதம் உண்டா என்று கேட்டார்கள். வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பது மனுஷரை என்ன செய்யும் என்பதைப் பெரியம்மா முகத்தில் பார்க்கலாம்.

பெரியம்மாவின் பேத்தி கல்லூரியில் சமூகவியல் படிக்கிறாள். தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் நாலும் சரளம். வெளிநாட்டு மாணவர்கள் வந்தால் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். சந்து சந்தாக அழைத்துப் போய், கேள்வியை ஒரு மொழியில் வாங்கி இன்னொரு மொழியில் கொடுப்பாள். வந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும்: எந்தக் கேள்வியைக் கேட்டால் எந்த வீட்டில் முகம் சுருங்கும் என்பது. ஒருநாள் அவள் ஒரு மாணவியிடம் கேட்டாளாம், “இதே கேள்விங்களை நான் உங்க ஊருக்கு வந்து கேக்கலாமா?” அந்த மாணவி உண்மையாகவே மகிழ்ந்து, வா, என் வீட்டிலேயே தங்கலாம் என்றாளாம். அழைப்பு இருக்கிறது. போவதற்கு வழிதான் இல்லை.

கேள்விகளோடு கடல் கடந்து போவது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிய கதை இல்லை. 1913-இல் இதே பம்பாயிலிருந்து இருபத்திரண்டு வயதில் அம்பேத்கர் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். பரோடா மன்னரின் உதவித்தொகைதான் அவரை அனுப்பியது. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஒரு கருத்தரங்கில் இந்தியாவின் சாதிகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். பிறரால் ஆராயப்பட்டுக்கொண்டிருந்த ஒரு சமூகத்தின் பிள்ளை, கடல் கடந்து போய், தன் சமூகத்தைத் தானே ஆராய்ந்து சொன்ன நிகழ்ச்சி அது. அவர் புத்தகங்களோடு வாழ்ந்த ராஜகிருஹம் மாட்டுங்காவை ஒட்டிய தாதர் இந்து காலனியில் இன்றும் நிற்கிறது.

அதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பு முதலான பிரிவுகளின் மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. மொத்தம் 125 இடங்கள், நாடு முழுவதற்கும். முதுநிலைப் பட்டம், முனைவர் பட்டம் ஆகியவற்றுக்கே கிடைக்கும், ஒரு செமஸ்டருக்குக் கிடைக்காது. 2022-23க்கான விதிகளில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு உதவி இல்லை என்று சேர்த்தார்கள். உலகத்தில் எவர் வேண்டுமானாலும் தாராவிக்கு வந்து தாராவியை ஆராயலாம். தாராவியின் பிள்ளை அந்த உதவித்தொகையில் போய்த் தன்னைப் பற்றி ஆராய முடியாது. அந்த விதிப்படி அம்பேத்கரின் 1916 கட்டுரைத் தலைப்புக்கே உதவி கிடைத்திருக்காது. இதைவிட வேதனையான விதியை நான் படித்ததில்லை.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வசதியுள்ள தமிழ்க் குடும்பங்களில் வெளிநாடு என்றால் எம்.எஸ்., கடன், வேலை, விசா என்று ஒரே நேர்கோடு. அந்தக் கோட்டை நான் குறை சொல்லவில்லை. குடும்பங்கள் அதனால் நிமிர்ந்திருக்கின்றன. ஒரு செமஸ்டர் போய்வருகிறேன் என்று பிள்ளை கேட்டால் மட்டும், “அதனால என்ன கிடைக்கும்?” என்று வரும். வேலை கிடைக்காது. வேற்று மண்ணில் கொஞ்சகாலம் எதுவும் தெரியாதவராக இருந்து, பிறரை நம்பிச் சாப்பிட்டு, அவர்கள் கேட்பதற்குப் பதில் தேடும் வாய்ப்பு கிடைக்கும். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஒப்பந்தம் செய்துகொண்ட இந்திய, வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்கள் இணைந்து நடத்தும் ‘ட்வின்னிங்’ கல்வித் திட்டத்தில், முப்பது சதவீதத்துக்கு மிகாமல் கிரெடிட்டுகளை வெளிநாட்டில் முடிக்கலாம். காகிதத்தில் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது.

போகிற இடம் லண்டனாகவோ பாஸ்டனாகவோதான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. டர்பனுக்குப் போகலாம். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். நிறவெறி ஆட்சி அவர்களைக் குடியிருந்த இடங்களிலிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்க் குடியேற்றியது. வீட்டைக் காலிசெய்யச் சொன்ன நாளில் என்ன நடந்தது, புதிய இடத்தில் பிழைப்பு எப்படி மாறியது, அக்கம்பக்கம் எப்படிச் சிதறியது என்று அவர்களைக் கேட்கத் தாராவியில் வளர்ந்த ஒரு பெண்ணைவிடத் தகுந்தவர் யார்? அவளிடம் அவர்கள் கேட்கவும் நிறைய இருக்கும். வெயில் அவளுக்குப் பழகியது, கடல் பழகியது. மற்றதைக் கற்றுக்கொள்வாள்.

தேவ்னாருக்கு வரும் மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புறப்படுவதற்கு முன் நீங்கள் எழுதியதைத் தமிழிலோ இந்தியிலோ மராத்தியிலோ ஒரு பக்கமாகச் சுருக்கி, யாரிடம் கேட்டீர்களோ அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் அவர்கள் திருத்துவார்கள். உங்கள் பேராசிரியர்கள் அதற்கும் மதிப்பெண் கொடுக்கட்டும்.

பெரிய வேண்டுகோள் நம்மவர்களிடம். சயான், மாட்டுங்கா, செம்பூரில் உள்ள தமிழ்ச் சங்கங்களையும் சபாக்களையும் பள்ளிகளையும் கோயில்களையும் கட்டிய கைகள் இன்னும் வலுவாகத்தான் இருக்கின்றன. அந்த அமைப்புகள் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு மாணவரை, தாராவியிலிருந்து, ஒரு செமஸ்டருக்கு வெளிநாடு அனுப்பவேண்டும். டர்பனோ, கொழும்போ, பினாங்கோ. வேலைக்கு உதவுமா என்று கேட்காமல், திரும்பி வந்து தொண்ணூறடி ரோட்டில் பத்துப் பேர் முன்னால் பார்த்ததைச் சொல்லவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. முதல் ஆண்டுக்கு என் பங்கைத் தர நான் தயாராக இருக்கிறேன். படிக்கிற நீங்களும் உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எழுப்புங்கள்.